வெள்ளிச் சந்தையும் வெள்ளி விடுமுறையும்: செஞ்சியை முன்வைத்துப் பொது நூலகம் பற்றி

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் செஞ்சிக்குள் ஆட்டுச் சத்தம் வந்துவிடும். குட்டி யானை வண்டியிலும் மொபெட்டின் முன்பக்கத்திலும் தோளிலுமாக வந்து சேரும் ஆடுகள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிறவர்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள். தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ முந்தைய வாரமென்றால் செஞ்சிச் சந்தையில் இத்தனை கோடிக்கு ஆடு விற்றது என்று மறுநாள் பேப்பரில் செய்தி வரும். ஒன்பது, பத்து மணிக்கு வியாபாரம் தணிந்துவிடும். பிறகு கையில் காசும் பொழுதுமாக ஒரு கூட்டம் மிஞ்சும். ஊர்ப் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்காருவார்கள், உரக்கடைக்குப் போய் வருவார்கள், தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதித் தருகிறவர் முன்னால் நிற்பார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து இத்தனை பேர் ஒருசேர ஊருக்குள் வருவது வாரத்தில் அந்த ஒரு காலைதான்.

தமிழ்நாட்டில் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வார விடுமுறை வழக்கமாக வெள்ளிக்கிழமை.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று ஞாயிறைத் திறந்துவைத்தால் வேறொரு நாளை அடைத்துத்தானே ஆக வேண்டும்? மாநிலம் முழுமைக்கும் அது வெள்ளியாயிற்று. செவ்வாயோ புதனோ சந்தை கூடும் ஊருக்கு இதனால் ஒரு நட்டமுமில்லை. செஞ்சிக்கு மட்டும் ஆண்டுக்கு 52 சந்தைக் கூட்டம் நட்டம்.

பொது நூலகம் ஊரோடு ஒட்டுவது எப்படி என்று பேச ஆரம்பித்தால் கணினி, மின்னூல், குளிரூட்டிய கூடம் என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, நூலகம் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் திறந்திருக்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. செல்போன் வந்தது, வாசிப்பு போயிற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. சந்தைக்கு வருகிற ஆட்டுக்காரரும் நூலகமும் செல்போனுக்கு முந்திய காலத்தில்கூடச் சந்தித்துக்கொண்டதில்லையே, அதற்கு எந்தக் கருவியைக் குற்றம் சொல்வது?

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. கல்வியமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கமும், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ.இரா. அரங்கநாதனும் அதற்கு முன்னின்றவர்கள். 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்கென்று சேர்த்துக் கட்டுகிறோம். பேரூராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் வரி கட்டுகிறவர் நூறு ரூபாய் நூலகத்துக்குத் தருகிறார். ரசீதை மடித்துப் பீரோவில் வைப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நூலகம் ஏதோ சர்க்கார் இனாம் என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. இனாமாக வந்த பொருளைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள், உரிமையும் கொண்டாட மாட்டார்கள். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் காலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பது நூலகத் துறையின் நெடுநாள் முறையீடு. காசு கொடுத்தவரே கணக்குக் கேட்காதபோது அந்த முறையீடு கோப்போடு கோப்பாகக் கிடக்கிறது.

அரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. படித்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு விதியை விளக்கும்போது அவர் நூலகம் அமைய வேண்டிய இடம், திறந்திருக்க வேண்டிய நேரம், நாற்காலி மேசை, வேலை பார்ப்பவரின் குணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நேரமும் இடமும் அவருக்கு நிர்வாகச் சில்லறை விஷயங்களாகப் படவில்லை. விதியே அவற்றில்தான் நிற்கிறது. அதே 1931 அக்டோபர் 21இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்றை அவர் தொடங்கிவைத்தார். வண்டியை வடிவமைத்துக் கொடுத்தவர் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர். ஆட்கள் நூலகத்துக்கு வராவிட்டால் நூலகம் ஆட்களிடம் போகட்டும் என்பதை இரண்டு மாடுகளைக் கொண்டு செய்து காட்டினார்கள். பரோடாவில் அதற்கும் முன்பே, 1910இல் மன்னர் சாயாஜிராவ் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்து, மரப்பெட்டிகளில் புத்தகங்களை நிரப்பிக் கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் ஆல்ஃபா, பெத்தோ என்ற இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகம் ஏற்றிக் குக்கிராமங்களுக்குப் போனார். சிங்கப்பூரில் அங்காடிக் கட்டடங்களுக்குள்ளேயே அரசு நூலகம் இருக்கிறது. காய்கறிப் பையோடு உள்ளே போகலாம். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தம் முடிதிருத்தகத்தில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்து, படிக்கிற வாடிக்கையாளருக்குக் கூலியில் தள்ளுபடி தருகிறார். கழுதை, அங்காடி, சலூன் எல்லாம் வேறு வேறு. ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் புத்தகம் போயிற்று என்பதில் ஒன்று.

செஞ்சியில் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? 2011 கணக்கெடுப்பில் சுமார் 27,000 பேர் கொண்ட பேரூராட்சி இது. திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது. ரயில் இல்லை, எல்லாம் பேருந்துதான். ஆகவே ஊரின் பெரிய தொழில்களில் ஒன்று காத்திருப்பது. மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போகிறவர்கள் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அறுவடைக் காலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான நெல் மூட்டைகள் வந்து இறங்கும். மூட்டையை இறக்கியவர் விலை தெரிய வேண்டும், எடை போட வேண்டும், பணம் வர வேண்டும். அதுவரை மூட்டை மேலேயே சாய்ந்து கிடப்பார், சில நாள் ராத்திரியும். அங்கே ஒரு பரோடாப் பெட்டி இருந்தால்? நாலைந்து நாளிதழ், நெல்லிலும் மணிலா என்ற நிலக்கடலையிலும் வரும் நோய்களைப் படத்தோடு சொல்லும் சிறு நூல்கள், பட்டா மாறுதலுக்கு எங்கே எப்படி விண்ணப்பிப்பது என்று எளிய தமிழில் ஒரு தாள், இரண்டு துப்பறியும் நாவல். துப்பறியும் நாவலை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். விவசாயி என்றால் விவசாய நூல்தான் படிக்க வேண்டும் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை.

ஒரு கிளை நூலகத்தில், ஊர்ப் பெயர் வேண்டாம், மணிலாச் சாகுபடி பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். திருப்பித் தரும் தேதியை முத்திரை குத்துவதற்காக உள்ளட்டையில் ஒட்டியிருந்த தாள் பால்போல வெள்ளையாக இருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. நூலகத்துக்கு வெளியே, சாலையோரத்திலேயே மணிலாக்கொட்டை காயவைத்திருந்தார்கள். புத்தகத்துக்கும் கொட்டைக்கும் நடுவே முப்பதடி தூரம்கூட இருக்காது. பக்கத்து அலமாரியில் ஒரு பழைய தொடர்கதைத் தொகுப்பு. அதன் தாளில் இடமில்லாமல் முத்திரை மேல் முத்திரை, மேலே இன்னொரு தாளும் ஒட்டியிருந்தது. நூலகரைக் கேட்டேன். “மணிலாப் புத்தகம் எடுக்கிறவர் பகல்ல காட்டுல இருப்பாரு சார். அவர் வர்ற நேரம் நான் பூட்டிட்டுப் போயிருப்பேன்” என்றார். துறை அறிக்கைகள் பலவற்றைவிட அந்த ஒரு பதிலில் சரக்கு அதிகம்.

சரி, இப்போது நூலகத்துக்குள் இருப்பது யார்? காலையில் கதவு திறந்ததும் வருபவர்கள் பேப்பர் படிக்கும் பெரியவர்கள். ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து ஐந்து பேர் கைக்குப் போகும். விளையாட்டுப் பக்கம் வைத்திருப்பவர் எப்போது கீழே வைப்பார் என்று தலையங்கம் படிப்பவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குப் பிறகு இளைஞர்கள். முதுகுப்பையோடு வந்து, தங்கள் சொந்த கைடையும் நோட்டையும் விரித்து உட்கார்ந்தால் சாத்தும்வரை எழமாட்டார்கள். குரூப் 4 தேர்வு ஒன்றுக்கே 10 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் குவிகிற மாநிலம் இது. அவர்கள் நூலகத்துப் புத்தகத்தைத் தொடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது மின்விசிறி, நாற்காலி, வீட்டில் கிடைக்காத அமைதி. நூலகம் படிப்பகமாகிவிட்டது என்று இலக்கிய வாசகர்கள் மூக்கைச் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அறையில் ஐந்து பேர் குடியிருக்கிற வீட்டுப் பெண், அப்பாவிடம் ‘லைப்ரரிக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடிகிறதே, அந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் மரியாதை சாதாரணமானதா? சிற்றூரில் காசு கேட்காமல், சாதி கேட்காமல், யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்காமல் ஒரு பெண்ணை நாலு மணி நேரம் உட்காரவிடும் இடம் வேறு எது?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வுக்காரர்கள் எல்லா நாற்காலியையும் நிரப்பிவிட்டால் பெரியவர் திண்ணைக்குப் போய்விடுகிறார், பள்ளிப் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அமைதி வேண்டிய கூட்டத்தையும் சத்தம் போட வேண்டிய கூட்டத்தையும் ஒரே அறையில் அடைக்க முடியாது. குழந்தைகளுக்குக் கதை சொல்ல வேண்டுமானால் சத்தமாகத்தான் சொல்ல முடியும். தனியறை கட்ட ஆண்டுகள் ஆகலாம். பக்கத்துப் பள்ளியின் வகுப்பறையைச் சனி, ஞாயிறு மாலைகளில் கேட்டு வாங்க ஒரு கடிதம் போதும். கதை சொல்ல ஆள்? அந்தத் தேர்வுக்காரர்களே இருக்கிறார்கள். வீட்டைவிட்டு நகர முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27இல் முதலமைச்சர் தொடங்கிவைத்தது செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான். அந்தந்தத் தெருப் பெண்கள்தான் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் ஆள் இல்லை என்ற சமாதானம் அப்போதே செத்துவிட்டது.

கிராமங்களின் கதை இன்னும் சிக்கலானது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மாநிலத்தின் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஊருக்கொரு நூலகம் என்று கட்டினார்கள். எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் அவை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. ஊர்ப்புற நூலகங்களோ பள்ளிக்கல்வியைச் சேர்ந்த பொது நூலகத் துறைக்குக் கீழே. ஒரே ஊரில் இரண்டு நூலகம், இரண்டு துறை, இரண்டு சாவி. ஊராட்சி நூலகங்களில் பல பின்னாளில் பூட்டியே கிடந்தன. குளோரின் மூட்டையும் தெருவிளக்குச் சாமானும் புத்தகங்களுக்குத் துணையாயின. 2021க்குப் பிறகு சிலவற்றைப் பழுதுபார்த்துத் திறந்தார்கள். கட்டடம் இருக்கிறது, அலமாரி இருக்கிறது. கிளை நூலகத்திலிருந்து மாதமொரு முறை புத்தகங்களை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும். துறை எல்லை குறுக்கே நிற்கிறது. வாசகருக்குத் துறை தெரியாது, பூட்டுதான் தெரியும்.

பெண்கள் விஷயத்திலும் கடிகாரம்தான் குற்றவாளி. காலை இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் என்று திறக்கும் நூலகம், சோறு வடிக்கும் நேரத்திலும் விளக்கேற்றும் நேரத்திலும் திறந்திருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் ஓய்வாக உட்காரும்போது அங்கே பூட்டு. கேரளத்தில் பெண் நூலகர்கள் வீடு வீடாகப் பெண்களுக்கும் முதியோருக்கும் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றி வருகிறார்கள். நமக்கு அதைவிட எளிய வழி உண்டு: சுய உதவிக் குழுக் கூட்டம். தவணைப் பணமும் கையெழுத்தும் மாறும் அதே பாயில் புத்தகமும் கை மாறலாம்.

இருளர் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் அவர்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக அவர்கள் சாதிச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பல்லாண்டுகள் போராடிய வரலாறு ஊரறிந்தது. முகவரிக்கு ஆதாரம் கேட்கும் உறுப்பினர் விண்ணப்பம் அவர்களுக்கு முதல் சுவர். சூளையில் இருக்கும் பிள்ளைக்கு எந்த முகவரி? ஆசிரியரோ சங்கமோ பொறுப்பேற்றால் உறுப்பினராக்கலாம் என்று ஒரு விதி போதும். புத்தகம் திரும்பி வராதே என்ற பயமா? வராவிட்டால் என்ன, சூளையில் ஒரு கதைப் புத்தகம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அலமாரிக்கு வருவோம். எனக்கு மனம் தங்கும் இடம் இது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. (இதே யுனெஸ்கோ 1949இலேயே பொது நூலகத்துக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டது, கடைசியாக 2022இல் திருத்தியது. அதற்கு ஊரில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.) ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்த மதிலுக்குள் கோனார்கள், விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் என்று வரிசையாக ஆண்டிருக்கிறார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையில் 1698 வரை தாக்குப்பிடித்தார். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். மலையேறி வரும் வெளியூர்க்காரர் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, இதைப் பற்றித் தமிழில் ஏதாவது படிக்கக் கிடைக்குமா என்று கேட்டால், அவரைக் கைகாட்டி அனுப்ப வேண்டிய இடம் ஊர் நூலகம்.

அனுப்பினால் அங்கே என்ன இருக்க வேண்டும்? சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழி வெளியிட்ட செஞ்சி வரலாறு, அது ஆங்கிலத்தில். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு. செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த காலத்துப் பேச்சும் பதற்றமும் அதில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நாராயணன் எழுதிய கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறையும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழங்கல்வெட்டும் உண்டு. அவற்றின் படமும் வாசகமும். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூர் பக்கத்தில்தான், அதைப் பற்றி. இங்கிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக்கொண்டு போன தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பதைப் பற்றியும். இத்தனையும் ஒரே அலமாரிக்கு அடங்கும்.

அந்த அலமாரியின் நடுத் தட்டு தேசிங்குக்கு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு நடந்த போரில் இளம் வயதிலேயே மாண்ட, செஞ்சியை ஆண்ட தேஜ் சிங், ஊரார் வாயில் ராஜா தேசிங்காகி, தம் குதிரையோடும் முகமதுகானின் நட்போடும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார். பெரிய எழுத்துத் தேசிங்குராஜன் கதை என்று மலிவுத் தாளில் அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்ற புத்தகம், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாத இருபது பேர் சுற்றிக் கேட்ட புத்தகம். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது. வரலாற்றாசிரியர்கள் கப்பப் பாக்கியைப் பற்றிப் பேசுகிறார்கள். கதைப் பாடல் மானத்தையும் நட்பையும் பற்றிப் பேசுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கூத்துக் கலைஞரையும் ஒரு வரலாற்று ஆசிரியரையும் ஒரே ராத்திரி நூலக வாசலில் உட்காரவைத்தால் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நாற்காலி பற்றாது. வழக்கமாக என்ன நடக்கிறது? பொன்னாடை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை. புத்தகத்துக்கு முறை வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

வாங்கி வைப்பதோடு, சேகரிப்பதும் நூலகத்தின் வேலைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீசு, நாடக விளம்பரம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து, 1994இல் ஆய்வு நூலகமாயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து இரவல் கொடுத்த புத்தகங்களில் முளைத்தது. 1981இல் எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அந்த இழப்பின் நினைவு உள்ளுக்குள் கனல, ஈழத் தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இணையச் சேகரம் தொடங்கி, கோயில் மலர், பள்ளி மலர், நினைவு மலர் வரை வருடிப் போடுகிறார்கள். செஞ்சியில் அப்படிச் சேர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்க வேண்டும். கூத்து வாத்தியாரின் பாட்டு நோட்டு, சந்தைக் குத்தகை ரசீது, பழைய பத்திரம், தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை. நூலகத்தில் வைத்து ஒரு நாள் செல்போனில் படமெடுத்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பரணிலிருந்து இறங்கி வந்த குடும்பம், தங்கள் தாத்தாவின் நோட்டு இருக்கும் இடத்தை அதற்குப் பிறகு ‘எங்க லைப்ரரி’ என்று சொல்லும்.

இதையெல்லாம் யார் முடிவு செய்வது? சட்டம் பணத்தை ஊரிடமிருந்து எடுத்தது. முடிவை மாவட்டத்துக்கும் தலைநகரத்துக்கும் கொடுத்தது. நூல் கொள்முதல் நெடுங்காலம் சென்னையில் நடந்தது. ஒரே தலைப்பு கன்னியாகுமரிக்கும் செஞ்சிக்கும் ஒரே மாதிரி வந்து இறங்கும். ஆணை கிடைப்பதற்கென்றே அச்சடித்த புத்தகங்களும் கூட வரும். 2024இல் இணையவழி வெளிப்படையான கொள்முதல் முறை வந்திருப்பது நல்ல திருப்பம். ஊர் வாசகரின் வேண்டுகோள் அதற்குள் எவ்வளவு நுழைகிறது என்பதில்தான் அதன் பலன். கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் ஆயிரக்கணக்கான நூலகங்களாக வளர்ந்தது. அங்கே வாசகசாலையை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழு. அரசு மானியம் தருகிறது. உள்ளூர் அரசியலும் சண்டையும் அங்கே உண்டு, கட்சிக்கொரு வாசகசாலை என்ற குறையும் உண்டு. இருந்தாலும் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று ஊரில் சண்டை நடக்கிறதே, அது எனக்குப் பொறாமை தருகிறது. நம்மிடம் இருப்பது வாசகர் வட்டமும், ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பலகையில் பெயர் எழுதும் புரவலர் திட்டமும். வட்டத்துக்குப் பேச உரிமை உண்டு, தீர்மானிக்க உரிமை இல்லை. விடுமுறை நாள், திறப்பு நேரம், வாங்கும் நூல்களில் ஒரு பங்கு, இந்த மூன்றை மட்டும் நூலகரும் வாசகர் வட்டமும் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று விட்டால் பெரும்பாலான சிக்கல் அவிழும். சட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை.

ஆள் பற்றாக்குறை என்ற எதிர்வாதம் உண்டு, அது உண்மையும்கூட. பல ஊர்களில் ஒரே ஆள்தான் கதவு திறந்து, பெருக்கி, பேப்பரைப் பின் அடித்து, இரவல் கொடுத்து, கணக்கு எழுதி, கூட்டத்துக்கு நாற்காலியும் போட வேண்டியிருக்கிறது. அவரிடம் போய் சந்தைக்குப் பெட்டி தூக்கு, சூளைக்குப் புத்தகம் கொண்டு போ என்று சொல்வது அடாது. ஊர்ப்புற நூலகர்களின் சம்பளமும் பணி நிலையும் பேசித் தீராத வழக்கு. அதைத் தீர்க்காமல் அவர்கள் தலையில் புதிய திட்டங்களை ஏற்றுவதை நான் ஒப்பவில்லை. ஆனால் விடுமுறையை வெள்ளியிலிருந்து வேறு நாளுக்கு மாற்ற ஒரு காசு செலவில்லை, கூடுதலாக ஒரு ஆளும் வேண்டாம்.

ஆகவே செஞ்சிக்கு நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகத்தைத் திறந்து வைத்து, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட வேண்டும். குரூப் 4க்குப் படிக்கிற இரண்டு பேர் அதன் பின்னால் உட்காரட்டும். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மேசை மேல் அன்றைய நாளிதழ்கள், ஆட்டு நோய் பற்றிய ஒரு கையேடு, பெரிய எழுத்தில் தேசிங்குராஜன் கதை, உறுப்பினர் படிவங்கள். முதல் வாரம் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைப்பார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் பேப்பரை எடுத்துப் புரட்டிவிட்டு டீ கிளாசை அதன் மேல் வைப்பார். மூன்றாவது வாரம் ஒரு கிழவர் தேசிங்கைக் கையில் எடுத்து, கண்ணாடி கொண்டு வரவில்லை, நீ படி என்று அந்தப் பையனிடம் சொல்லக்கூடும். இதற்கிடையில் ஒரு குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நாலு படிவத்தைத் தின்றுவிட்டால், இருப்புப் பதிவேட்டில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.